வட்டவிதானையின் குருவிப் பயணம்

மருதமுனை மீராசாஹிபுவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வட்டவிதானை என்றால் போதும். நற்பிட்டிமுனைக் கண்டம் என்கிற வயல் பரப்புக்கு இருபத்தெட்டு வருடம் அவர்தான் வட்டவிதானை. எந்த நாளில் எந்த வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் திறப்பது, யார் வரம்பை வெட்டினான், யார் வெள்ளாமைக்குள் மாட்டை விட்டான் என்பதையெல்லாம் பார்ப்பது அவருடைய வேலை. குருவி விரட்டுவதும் அதற்குள் அடக்கம். கதிர் பால் பிடிக்கிற பருவத்தில் அவர் தகரம் தட்டினால் அடுத்த கண்டத்தில் தூங்குகிறவன் எழும்பி உட்காருவான். வெடியைக் கொளுத்திக் கையாலேயே எறிவார். அந்த இருபத்தெட்டு வருடத்தில் அவர் ஒரு குருவியையும் பார்த்ததில்லை, அது போகிற திசையைத்தான் பார்த்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதர், வேலையை விட்டு வீட்டில் இருக்கிற அறுபத்து மூன்றாம் வயதில், ஒரே ஒரு குருவியைப் பார்ப்பதற்காக நுவரெலியா போகத் திட்டம் போட்டார். அந்தப் பயணம் பாண்டிருப்பு நல்லரெத்தினம் மனம் வைத்தால்தான் நடக்கும் என்று வந்து நின்றதுதான் வேடிக்கை.

எல்லாம் பிறையால் வந்தது. மாமனார் நோன்புப் பிறை பார்க்கட்டும் என்று மூத்த மருமகன் கட்டாரிலிருந்து ஒரு பைனாகுலர் அனுப்பியிருந்தார். போன வருடம் நோன்புக்கு முந்திய மாலை, ஊருக்கு மேற்கே வயலோரத்தில் பத்துப் பதினைந்து பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பைனாகுலர் வைத்திருந்தவர் மீராசாஹிபு ஒருவர்தான். அதனால் எல்லாருடைய கண்ணும் வானத்தை விட்டு அவர் முகத்துக்கு வந்துவிட்டது.

"என்ன விதானையார், தெரியிதா?"

"தெரியிது."

"கம்பி மாதிரியா?"

"இல்ல. வயித்துக்குக் கீழ சிவப்பு. செட்டையில நீலமும் பச்சையும் இரிக்கி. வாலக் காணல்ல."

பைனாகுலர் எப்போதோ வானத்திலிருந்து இறங்கி, வரம்போரப் பற்றைக்குள் போயிருந்தது. அங்கே ஒரு குருவி நின்றது. அதன் கண்ணில் சுர்மா மை இட்டது போல ஒரு கறுப்புக் கோடு. மீராசாஹிபு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் பைனாகுலரைப் பிடுங்குவதற்குள் சூரியனும் போய்விட்டது, பிறையும் போய்விட்டது. அன்று பிறை கண்ட செய்தி வேறு ஊரிலிருந்துதான் வந்தது.

அடுத்த நாளே அவர் ஜுனைட்டிடம் போனார். அதே ஒழுங்கையில் வீடு. ஒலுவில் கம்பஸில் மிருகம் பறவை பற்றிப் படிப்பிக்கிற பொடியன். "அது ஆறுமணிக்குருவி மாமா," என்றார் ஜுனைட். "காலையில ஆறுக்கும் பின்னேரம் ஆறுக்கும் கத்தும். வெளிநாட்டில இருந்து வந்து நாலஞ்சு மாசம் நின்டுட்டுப் போற விருந்தாளி." இத்தனை வருடமாக ஆறு மணிக்குக் கேட்ட சத்தத்துக்கு ஒரு முகம் இருக்கிறது என்று அறிந்ததும் மீராசாஹிபுவுக்கு வெட்கமாக இருந்தது. வெடி வாங்குகிற கடையிலேயே, எழுதி வைக்க ஒரு கொப்பி வாங்கினார். வருடம் முடிவதற்குள் அதில் நாற்பத்தாறு குருவி ஏறியது.

மலைக்குருவியைப் பற்றிச் சொன்னவரும் ஜுனைட்தான். நம் நாட்டை விட்டால் உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு நீலக்குருவி நுவரெலியாப் பக்கம் காட்டு ஓடைக்கரையில் இருக்கிறதாம். விடிகிற சுபஹு நேரமும் பொழுது சாய்கிற மஃரிபு நேரமும்தான் வெளியே வருமாம். விசில் அடிப்பது போல மெல்லிய சத்தமாம். சரியான கூச்சக்காரக் குருவி என்பதால் ஜுனைட் கட்டுப்பாடும் சொல்லி வைத்தார். வெள்ளை உடுப்பு ஆகாது. கதைக்கக் கூடாது. காலடிச் சத்தம் கேட்கக் கூடாது. இருமல் வந்தால் விழுங்க வேண்டும். வாழ்நாளெல்லாம் கத்திச் சீவித்த மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நாள் குறித்தாயிற்று. வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு, நோன்புக்கு முன்பு, மூன்று நாள். காட்டோரத்தில் ஒரு விடுதியை ஜுனைட் பிடித்துக் கொடுத்தார். வேனும் பேசியாகிவிட்டது. கடைசியாகத்தான் மீராசாஹிபு மனைவி றாபியத்தும்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். இதில் அவருக்கு அனுபவம் உண்டு. முதலில் சொன்னால் எந்தத் திட்டமும் அடுப்படியைத் தாண்டாது.

"குருவி பாக்கவா?" என்றார் றாபியத்தும்மா. "வீட்டுப் பின்கோடிக்குள்ள போய் நில்லுங்க. காகம் வரும், கொக்கு வரும், கோழியும் நிக்கிது."

"இது நீலம்கா. மலையில மட்டும்தான் இரிக்கி."

"மலைப் பாதை பாம்பு மாதிரி வளைஞ்சி வளைஞ்சி போகுமாம். வேன் கவிண்டா?"

"அல்லாஹ்ட காவல்."

றாபியத்தும்மா மீனை அரிவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நான் வாறன். ஆனா அந்த வளைவில நீங்க மௌத்தாகினா, மறுமையில நல்லரெத்தினத்துக்கு என்ன பதில் செல்லுவீங்க? மனிசன்ட மனச நோகடிச்சத அந்த மனிசன்தான் பொறுக்கணும். அவர் பொறுக்காம அல்லாஹ்வும் மன்னிக்க மாட்டான். அவரிட்டப் போய்ப் பொருத்தம் கேட்டுட்டு வாங்க. மறுகா வேன்ல ஏறலாம்."

பதினொரு வருடமாக மீராசாஹிபு அந்தப் பெயரை எடுக்காமல் சமாளித்து வந்தார்.

நல்லரெத்தினத்தின் வயல் பக்கத்துக் கண்டத்தில். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு, ஒரே வாடிக் குடிசையில் சோறு பிரித்துத் தின்றவர்கள். பதினொரு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் மீராசாஹிபு மேற்கு வரம்பு நெடுக வெடி போட்டார். குருவிக் கூட்டம் மொத்தமும் எழும்பி நேரே நல்லரெத்தினத்தின் பால்கதிரில் போய் இறங்கிவிட்டது. வயல்காரர்கள் கூடிய கமக்காரர் சங்கக் கூட்டத்தில் நல்லரெத்தினம் எழும்பி, தன்னுடைய மெல்லிய குரலில், "கொஞ்சம் சொல்லிப்போட்டு விரட்டியிருக்கலாமே மச்சான்," என்றார். அவ்வளவுதான் கேட்டார். நல்லரெத்தினம் கோயிலில் பாட்டுப் படிக்கிறவர். நல்ல குரல், ஆனால் சத்தம் வராது. மீராசாஹிபுவுக்கு அன்று நாக்கில் சனி. "ஒனக்குச் சத்தம் வராட்டி குருவிக்குப் பாட்டுப் படி. அந்தக் குரலுக்கு அது தானா ஓடும்," என்றுவிட்டார். நாற்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வருடத் திருவிழாவில் நல்லரெத்தினம் பாடவில்லை. அதன் பிறகு இருவரும் கதைக்கவும் இல்லை.

அந்த மனிதரிடம்தான், குருவியால் வந்த சண்டைக்கு, குருவி பார்க்கப் போவதற்காகப் பொருத்தம் கேட்க வேண்டும். மீராசாஹிபு மூன்று முறை சைக்கிளை எடுத்தார். மூன்று முறையும் காற்றில்லை என்று சொல்லி நிறுத்தி வைத்தார். நாலாம் முறை றாபியத்தும்மாவே பம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

நல்லரெத்தினம் களத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தலைப்பாகையும் தூசியுமாக நிமிர்ந்து பார்த்தார். "வாங்க விதானையார்," என்றார். மச்சான் இல்லை.

மீராசாஹிபு ஒத்திகை பார்த்து வந்த வசனமெல்லாம் காற்றோடு போய்விட்டது. "நான் ஒரு பயணம் போறன்," என்றார். "அதுக்கு முந்தி... அண்டைக்குக் கூட்டத்தில நான் கதைச்சது பிழை. பெரிய பிழை. நீங்க பொறுத்து, பொருந்திக்கணும்."

நல்லரெத்தினத்தின் கையிலிருந்த நெல் விராவும் பலகை கீழே விழுந்தது. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். முஸ்லிம் ஊருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு வேறு எப்படி விளங்கும்? அறுபது கடந்த ஒரு முஸ்லிம், பகையாளியின் களத்துக்கு வந்து பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டால், ஒன்று அவர் சாகக் கிடக்க வேண்டும், அல்லது மக்காவுக்குப் போக வேண்டும். மீராசாஹிபுவைப் பார்த்தால் சாகிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

"மக்கத்துக்கா?" என்றார் நல்லரெத்தினம்.

மீராசாஹிபு வாயைத் திறந்தார். இல்லை, நுவரெலியாவுக்கு, குருவி பார்க்க என்று சொல்லத்தான் திறந்தார். ஆனால் உலகத்தில் உள்ள நூறு வேலையில் அந்த ஒரு வேலையை இந்த ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"எனக்காக துஆச் செய்யுங்க," என்றார்.

நல்லரெத்தினம் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் எப்பவோ பொறுத்திட்டன். மனசில ஒண்டும் இல்ல. எனக்கு ஒரு உதவி செய்வீங்களா? என்ர மகள் யசோதினிக்குக் கலியாணம் முடிச்சு ஏழு வருசம். வயித்தில ஒரு பூச்சி புழு இல்ல. எங்கட கோயில் ஒண்டும் மிச்சமில்ல, எல்லா இடமும் கேட்டாச்சு. நீங்க போற இடத்திலயும் அவளுக்காக ஒரு சொல்லுச் சொல்லி விடுங்க."

மீராசாஹிபு திரும்பி வரும்போது சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே வந்தார்.

"என்னவாம்?" என்றார் றாபியத்தும்மா.

"பொறுத்திட்டார்."

"அல்ஹம்துலில்லாஹ்."

"ஆனா மக்கத்துக்குப் போறன் எண்டு நினைச்சித்தான் பொறுத்தார்."

"நீங்க என்ன செல்லினீங்க?"

"ஒண்டும் செல்லல்ல."

"அதுதான் வினை," என்று றாபியத்தும்மா தலையில் கை வைத்தார். "வாழ்நாள்ல ஒருக்கா வாயப் பொத்தினீங்க. அதுவும் வாயத் திறக்க வேண்டிய இடத்தில."

நல்லரெத்தினம் பொறாமையில்லாத மனிதர். நல்ல செய்தியைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அன்று பின்னேரமே கல்முனைச் சந்தையில் நாலு பேருக்குச் சொன்னார், நாலு பேர் நாற்பது பேருக்குச் சொன்னார்கள். அடுத்த நாள் காலையில் மருதமுனை முழுக்க வட்டவிதானை மக்காவுக்கு உம்றா யாத்திரை போகிறார். மறுக்கலாம் என்று பார்த்தால், அவர் செய்துகொண்டிருந்த வேலையே சாட்சியாக வந்து நின்றது. காலடிச் சத்தமில்லாமல் நடக்கப் பழகுவதற்காக, விடியற்காலையில் வளவுத் தென்னையைச் சுற்றிச் சுற்றி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவர் நடப்பது வழக்கம். அடுத்த வீட்டு நுஸ்ரத் அதை வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறார். "ஏழு சுத்து. நான் எண்ணினன். சரியா ஏழு," என்று நுஸ்ரத் ஊரெல்லாம் சொன்னார். மக்காவில் கஃபாவை ஏழு தரம் சுற்றப் பழகுகிறார் என்று பெண்கள் கண் கலங்கினார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் உலை ஆறவில்லை. ஒருவர் முழங்கால் வலிக்கு துஆக் கேட்கச் சொன்னார். ஒருவர் மகனுக்கு விசா கிடைக்கக் கேட்கச் சொன்னார். மக்காவின் ஸம்ஸம் தண்ணீருக்குப் போத்தலோடு வந்தவர்களே பதினேழு பேர். பச்சை நிறத்தில் குளிர்ச்சட்டை வாங்க மீராசாஹிபு கடைக்குப் போனால், கடைக்காரர் அவரைக் கட்டித் தழுவி, இரண்டு வெள்ளைத் துண்டை இஹ்றாம் உடுப்புக்கென்று அன்பளிப்பாகக் கொடுத்து அனுப்பினார். வெள்ளை ஆகாது என்று ஜுனைட் சொன்னதை நினைத்துக்கொண்டே அவர் வாங்கிக்கொண்டார். ஜுனைட்டோ சம்பவத்தைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் மீராசாஹிபுவின் வாசல் பக்கம் வரவில்லை. சிரிப்பை அடக்க முடியாது என்று பயம்.

ஊரைப் பற்றி மீராசாஹிபு அவ்வளவு கவலைப்படவில்லை. ஊர் சிரிக்கும், பிறகு வேறு ஆளைப் பார்த்துச் சிரிக்கப் போய்விடும். அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது நல்லரெத்தினம்தான். கொடுத்த மன்னிப்பு மக்காவுக்குப் போகிற மீராசாஹிபுவுக்கு. குருவி பார்க்கப் போகிற மீராசாஹிபுவுக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் இரண்டாம் முறையாகக் குருவியால் அவமானப்பட்டதாக நினைப்பார். சொல்லாவிட்டால் அவருடைய மகளுக்கான வேண்டுதலைச் சுமந்துகொண்டு, பொய்ப் பொருத்தத்தோடு அந்த வளைவுகளில் ஏற வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மச்சான் திரும்பி வரமாட்டார் போலிருந்தது.

பயணத்துக்கு முதல் நாள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, கமக்காரர் சங்கம் அவருக்கு வழியனுப்புக் கூட்டம் வைத்தது. அதே கட்டடம். அதே பிளாஸ்டிக் கதிரைகள். ஏறத்தாழ அதே நாற்பது பேர், தலை மட்டும் நரைத்திருந்தது. முன் வரிசையில் நல்லரெத்தினம் தோய்த்து மடித்த வேட்டியோடு இருந்தார். சங்கத் தலைவர் வட்டவிதானையின் சேவையைப் புகழ்ந்து, குருவி விரட்டியதில் அவருக்கு நிகர் இல்லை என்று முடித்துவிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்.

மைக் இல்லாமலே இந்தக் கட்டடத்தை நடுக்கிய மனிதர், மைக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கதைத்தார்.

"நான் மக்கத்துக்குப் போகல்ல. நுவரெலியாவுக்குப் போறன். அங்க ஒரு நீலக்குருவி இரிக்கி. அதப் பாக்கத்தான் போறன்."

எங்கோ ஒரு கதிரை கிறீச்சிட்டது.

"மலைப் பாதையில பயம். அதால நல்லரெத்தினத்திட்டப் பொருத்தம் கேக்கப் போனன். அவர் மக்கமா எண்டு கேட்டார். குருவி பாக்க எண்டு அவரிட்டச் செல்ல எனக்கு வெக்கமா இரிந்திச்சி. இதே இடத்தில, ஒங்க எல்லாருக்கும் முன்னால, குருவிக்குப் பாட்டுப் படி எண்டு அவரச் செல்லினவன் நான். இப்ப அந்தக் குருவிட பாட்டக் கேக்க நான்தான் மலைக்குப் போறன். அவர் தந்த பொருத்தம் பொய்யில வாங்கினது. அத நான் திருப்பித் தாறன். போத்தல் தந்த ஆக்களும் எடுத்துக்கு போங்க."

முதலில் பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் கூரை பறந்தது. நாற்பது பேரும் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சங்கத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மீராசாஹிபு தலையைக் குனிந்து நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார். பதினொரு வருடத்துக்கு முன்பு இது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது முன் வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. நல்லரெத்தினம் எழும்பிப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவர்கள் போத்தல்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கரட்டும் லீக்ஸும் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்கள். நுஸ்ரத் தனக்கு முள்ளங்கி போதும் என்றார். மீராசாஹிபு எதற்கும் ஓம் என்றார். பயணத்தை நிறுத்திவிடலாம் என்று றாபியத்தும்மாவிடம் சொல்லியும் பார்த்தார். "உண்மையச் செல்லிட்டீங்க. மிச்சத்துக்கு நீங்க பொறுப்பில்ல," என்று அவர் பெட்டியைப் பூட்டினார். ஆனால் அவருடைய முகமும் சரியில்லை.

சுபஹு தொழுதுவிட்டு வேன் கிளம்பியது. கல்முனைக்குப் போகிற பாதை பாண்டிருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். மீராசாஹிபு பச்சைக் குளிர்ச்சட்டையோடு, பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு, பாண்டிருப்பு வந்ததும் தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். வேன் திடீரென்று நின்றது.

பாதை நடுவில் நல்லரெத்தினம். தோளில் ஒரு பை. ஜன்னல் பக்கம் வந்தார்.

"நேத்து நான் ஏன் எழும்பிப் போனன் தெரியுமா?"

மீராசாஹிபு ஜன்னலை முழுவதும் திறந்தார்.

"எனக்கும் சிரிப்பு வந்துத்து. அடக்க ஏலாத சிரிப்பு. அதுக்குள்ள இரிந்து சிரிச்சா, அண்டைக்கு என்னைப் பாத்துச் சிரிச்ச ஆக்களும் நானும் ஒண்டாப் போயிருவம். அதான் வீட்ட போய்ச் சிரிச்சன். மனிசி பயந்திட்டா." நல்லரெத்தினத்துக்கு இப்போதும் அடங்கவில்லை, தோள் குலுங்கியது. பிறகு பையை ஜன்னலால் உள்ளே தந்தார். "தந்ததைத் திருப்பி எடுக்கிற பழக்கம் எனக்கு இல்ல மச்சான். இது புது நெல்லு, நேத்துக் காய்ஞ்சது. பதினொரு வருசத்துக்கு முந்தி வெடி போட்டு நீ அனுப்பின ஆக்களுக்கு நான் நல்ல முகம் காட்டல்ல. போற இடத்தில அந்தக் குருவிக்குப் போடு."

"யசோதினிட விசயம்," என்றார் மீராசாஹிபு. குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அதையும் மறக்காம கேளு. மக்கம் இல்லாட்டி என்ன, மலை உசரம்தானே."

வேன் நகர்ந்தது. மீராசாஹிபு நெல் பையை மடியில் எடுத்து வைத்து, அதன் மேல் பைனாகுலரை வைத்தார். கண்ணைத் துடைத்ததை றாபியத்தும்மா பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். கல்முனைச் சந்தி தாண்டியதும் மெல்லக் கேட்டார்.

"நீலக்குருவி நெல்லுத் தின்னுமா?"

தின்னாது. தவளையும் பூச்சி புழுவும்தான் தின்னும் என்று ஜுனைட் நூறு தரம் சொல்லியிருக்கிறார். மீராசாஹிபு அதைத் தன் கொப்பியிலும் எழுதி வைத்திருந்தார்.

"தின்னும்," என்றார் மீராசாஹிபு.